அனிமலின்டெக்ஸ் குளம்புக் கட்டு: குதிரை வளர்ப்பவர்களுக்கு ஒரு மதிப்பீடு

குதிரையின் குளம்புக்குள் சீழ் கோத்துக்கொண்டால் பற்றுப் போடுவதற்கென ஆயத்தமாகக் கிடைக்கும் கட்டுகளில் நெடுங்காலமாகப் பெயர் பெற்றது அனிமலின்டெக்ஸ். இங்கிலாந்தின் ராபின்சன் நிறுவனம் இதைத் தயாரிக்கிறது. பார்வைக்குத் தடித்த பஞ்சு விரிப்பு போலிருக்கும் இந்தக் கட்டின் உள்ளே கிருமியைக் கட்டுப்படுத்தும் போரிக் அமிலமும், டிராகாகாந்த் என்ற செடிப் பிசினும் ஊட்டப்பட்டிருக்கின்றன; ஒரு பக்கம் மட்டும் மெல்லிய பிளாஸ்டிக் உறை இருக்கிறது. ஈரம் பட்டதும் பிசின் இளகி வழவழப்பாகிறது, பிளாஸ்டிக் உறை அந்த ஈரத்தை வெளியேறவிடாமல் காக்கிறது. தேவையான அளவுக்கு வெட்டிக்கொள்ளும்படி நீண்ட விரிப்பாகவும், குளம்பின் வடிவிலேயே முன்கூட்டி வெட்டப்பட்டதாகவும் இரண்டு வகைகள் உண்டு. நான் பெரும்பாலும் விரிப்பையே பயன்படுத்தி வருகிறேன்.

குளம்புச் சீழுக்கு இது மிக நல்ல பொருள் என்பது என் முடிவு. ஆனால் குதிரை நொண்டுகிறது என்றவுடன் எடுத்துக் கட்டிவிடும் பொருளாக இதை யாரும் வாங்கக் கூடாது. நொண்டுவதற்குக் காரணம் குளம்பா, தசைநாணா, மூட்டா என்று முதலில் தெரிந்தாக வேண்டும். தெரியாமல் வெந்நீரில் நனைத்துக் கட்டினால் சில நோய்களில் பயனில்லாமல் போகும், சிலவற்றில் கேடும் விளையும். ஆகவே கட்டைப் பற்றி எழுதுவதற்கு முன், அதைக் கட்டலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கும் முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

குதிரை தன் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்களில்தான் தாங்குகிறது. நொண்டல் பெரும்பாலும் முன்னங்கால்களில் வருவதும், அதிலும் பெரும்பகுதி குளம்புக்குள்ளேயே காரணம் கொண்டிருப்பதும் இதனால்தான். லாயத்தில் நிற்கும்போதே சில அடையாளங்கள் தெரியும். பின்னங்கால்களில் ஒன்றை மாற்றி மாற்றித் தளர்த்தி நிற்பது குதிரையின் இயல்பு. முன்னங்காலை முன்னால் நீட்டி, நுனியை மட்டும் ஊன்றி நிற்பது இயல்பல்ல. தீவனத் தொட்டிக்கு வரத் தயங்குவது, திரும்பும்போது ஒரு காலைச் சுற்றி எச்சரிக்கையாகத் திரும்புவது, எப்போதும் படுக்காத நேரத்தில் படுத்திருப்பது ஆகியவையும் கவனிக்க வேண்டியவையே.

நடக்கவிட்டால் தெரியாத நொண்டல் மெல்லோட்டத்தில் தெரியும். கெட்டியான சமதரையில், கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, ஒருவர் குதிரையை நேராக ஓட்டிச் செல்ல, மற்றவர் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நின்று பார்க்க வேண்டும். வலிக்கும் முன்னங்கால் தரையில் படும்போது குதிரை தலையை மேலே தூக்கிக்கொள்ளும்; நல்ல கால் படும்போது தலை கீழே இறங்கும். இந்த வரிசையைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நல்ல காலுக்கு வைத்தியம் பார்ப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். பின்னங்கால் வலி என்றால் தலையை விட இடுப்பைத்தான் பார்க்க வேண்டும்: பின்னாலிருந்து பார்க்கையில், வலிக்கும் பக்கத்து இடுப்பெலும்பு மற்றதைவிட அதிகமாக ஏறி இறங்கும். கண்ணால் தெரியாதபோது காது உதவும். கல் தரையில் லாடம் விழும் ஓசையின் தாளம் ஓரிடத்தில் தட்டினால், ஏதோ ஒரு கால் முழு எடையை வாங்கவில்லை என்று பொருள்.

ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்குப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு வருத்தம் ஏற்படும். வாங்க வருபவர்கள் நெற்றியிலும் கழுத்திலும் சுழி பார்ப்பதற்கு அத்தனை நேரம் செலவிடுகிறார்கள். நல்ல சுழி, ஆகாத சுழி என்று பெரியவர்களை அழைத்துவந்து வாதம் செய்கிறார்கள். அதில் கால்பங்கு நேரத்தை நான்கு கால்களையும் தடவிப் பார்ப்பதற்கும், குளம்பைத் தூக்கி அடிப்பாகத்தைப் பார்ப்பதற்கும் ஒதுக்கினால், வாங்கிய சில வாரங்களிலேயே மருத்துவரைத் தேடி அலைய வேண்டியிருக்காது. சந்தையில் குதிரைகளை நாட்டியமாடவிட்டுக் காட்டுவார்கள். அந்தத் துள்ளலில் நொண்டல் மறைந்துபோகும். நேராக, மெல்லோட்டமாக ஓட்டிக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறொன்றுமில்லை.

பார்வைக்கு அடுத்தது கை. குதிரையின் முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே தசை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை; எலும்பும், அதன் பின்னால் ஓடும் தசைநாண்களும், அவற்றை மூடிய தோலும்தான். அதனால் அங்கே வீக்கமோ சூடோ இருந்தால் கைக்கு உடனே தட்டுப்படும். முழங்காலுக்குப் பின்புறத்திலிருந்து உள்ளங்கையை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டு வர வேண்டும். பிறகு காலைத் தூக்கி மடக்கிப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தசைநாணை அழுத்திப் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் அழுத்தும்போதெல்லாம் குதிரை காலை இழுத்துக்கொண்டால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எதிர்க்காலையும் அதே போலத் தடவி ஒப்பிட்டுப் பார்த்தால்தான் எது இயல்பு, எது மாற்றம் என்பது தெளிவாகும்.

குளம்புச் சீழைக் கண்டறிவதில் எனக்கு மிகவும் உதவியது நாடித்துடிப்புதான். குளம்புக்கு மேலே உள்ள கணு மூட்டின் பின்பக்கத்தில், உள்ளும் வெளியுமாக இரண்டு புறமும் குளம்புக்குள் இரத்தம் கொண்டுபோகும் நாளங்கள் செல்கின்றன. விரல் நுனியை அங்கே மெல்ல வைத்தால், நலமாக உள்ள குதிரையில் துடிப்பு இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வரும். அவ்வளவு மெலிதாக இருக்கும். குளம்புக்குள் அழற்சி இருந்தால் அதே இடத்தில் துடிப்பு விரலைத் தள்ளுவது போலத் தெளிவாகத் தெரியும். அழுத்திப் பிடித்தால் நாளம் அடைபட்டு ஒன்றும் தெரியாமல் போய்விடும் என்பதால் இலேசாகத்தான் வைக்க வேண்டும். குதிரை நலமாக இருக்கும் நாட்களிலேயே இதைத் தேடிப் பழகிக்கொண்டவர்களுக்குத்தான் அவசரத்தில் விரல் சரியான இடத்துக்குப் போகும். குளம்பின் சூட்டை மட்டும் நம்பக் கூடாது. வெயிலில் நின்ற குளம்பும் சுடும், ஓடிவந்த குளம்பும் சுடும். அதிகாலையில், நிழலில், நான்கு குளம்புகளையும் தொட்டு ஒன்று மட்டும் மாறுபட்டால்தான் அது ஒரு செய்தி.

எங்கள் பண்ணையிலுள்ள கத்தியவார் இனப் பெண் குதிரைக்கு ஐப்பசி மழையின்போது வந்த சீழில்தான் இந்தக் கட்டை நான் முழுமையாகப் பயன்படுத்திப் பார்த்தேன். மழைக்காலத்தில் குளம்பு ஊறி இளகுகிறது. குளம்பின் சுவரும் அடிப்பாகமும் சேரும் வெள்ளைக் கோட்டின் வழியாக மணலும் அழுக்கும் நுழைந்து கிருமி உள்ளே பெருகுகிறது. குளம்பு விரிந்து கொடுக்காத பெட்டி போன்றது என்பதால், உள்ளே சேரும் சிறிதளவு சீழ்கூடத் தாங்க முடியாத வலியைத் தருகிறது. முந்தைய மாலை நன்றாக நடந்த குதிரை மறுநாள் காலையில் இடது முன்னங்காலைத் தரையில் ஊன்றவே மறுத்தது. எலும்பு முறிந்ததோ என்று அஞ்சத்தக்க அளவுக்கு நொண்டல் இருந்தது. குளம்புச் சீழில் இது வழக்கமானதுதான் என்றாலும், முறிவு இல்லை என்று உறுதிப்படுத்த வேண்டியது மருத்துவரின் வேலை. அவர் வந்து சேர்வதற்குள், அன்றைக்கு லாடம் பார்க்க வந்திருந்த பெரியவர் காலை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்துவிட்டு, "கால்ல ஒண்ணுமில்லைங்க, குளம்புதான் சுடுது, நாடியும் அடிக்குதுங்க" என்றார்.

மருத்துவரும் அவரும் சேர்ந்து லாடத்தைக் கழற்றி, குளம்பை அழுத்திப் பார்க்கும் பெரிய இடுக்கியால் ஓரமாகச் சுற்றிவந்தார்கள். வெளிப்புற நுனிப் பக்கம் வந்ததும் குதிரை காலைப் பறித்துக்கொண்டது. அந்த இடத்தில் வெள்ளைக் கோட்டில் மெல்லிய கரும்புள்ளி ஒன்று இருந்தது. வளைந்த கத்தியின் நுனியால் அதைப் பின்தொடர்ந்து சிறிது சுரண்டியதும், சாம்பலும் கருமையும் கலந்த நீர் கெட்ட வாடையுடன் கசிந்தது. சீழுக்கு உண்மையான வைத்தியம் இந்தத் துளைதான். எந்தக் கட்டும் மூடிய குளம்பிலிருந்து சீழை மந்திரம் போல உறிஞ்சி எடுத்துவிடாது. கட்டு செய்வது இரண்டு வேலைகள்: குளம்பின் கெட்டியான, கொம்பு போன்ற பகுதியை இளக்கி, திறந்த துளை மீண்டும் அடைபடாமல் வடியவிடுவது, வடியும் இடத்தில் சாணமும் சேறும் ஏறாமல் காப்பது. இவ்விரண்டையும் அனிமலின்டெக்ஸ் குறையில்லாமல் செய்கிறது. துளை கிடைக்காத குளம்பிலும், இரண்டொரு நாள் இளக்கிவிட்டுத் தேடுவதற்கு இது துணையாகும். தேடியும் கிடைக்காவிட்டால் சீழ் மேல்நோக்கி வழி தேடி, குளம்பும் தோலும் சேரும் விளிம்பில் உடைத்துக்கொண்டு வெளிவரும்.

கட்டும் முறை எளிதுதான், ஆனால் வரிசை தவறக் கூடாது. குளம்பைத் தூரிகையால் தேய்த்துக் கழுவித் துடைத்த பின், விரிப்பில் குளம்பின் அடிப்பாகத்தை மூடி ஓரத்தில் சிறிது மடங்கும் அளவுக்கு ஒரு துண்டை வெட்ட வேண்டும். கொதிக்கவைத்து, கை தாங்கும் சூட்டுக்கு ஆறவைத்த நீரில் அதை அமிழ்த்தி, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துச் சொட்டாத அளவுக்குப் பிழிய வேண்டும். முறுக்கிப் பிழிந்தால் உள்ளேயுள்ள பிசின் போய்விடும். பிளாஸ்டிக் பக்கம் வெளியே வரும்படி வைத்து, அதன்மேல் பஞ்சு, அதன்மேல் ஒட்டிக்கொள்ளும் மீள்துணிக் கட்டு, கடைசியாகத் தடித்த டக்ட் டேப் என்று சுற்ற வேண்டும். டேப்பை முதலிலேயே பட்டை பட்டையாக ஒன்றின்மேல் ஒன்று சிறிது ஏறும்படி ஒட்டி, கையகலச் சதுரமாகச் செய்து வைத்துக்கொண்டால், குதிரையின் காலைத் தொடையில் தாங்கியபடி நெடுநேரம் குனிந்து நிற்கும் சிரமம் இருக்காது. டேப்போ மீள்துணியோ தோலின்மேல் இறுக்கமாக ஏறக் கூடாது. குளம்போடு நின்றுவிட வேண்டும். கால் முழுவதும் சுற்றிவிட்டுச் சரியாகக் கட்டியதாக நினைத்துக்கொள்வதால் குருதியோட்டம் தடைப்பட்டுப் புதிய வீக்கம் வரும்.

காலையும் மாலையும் கட்டை மாற்றினேன். அவிழ்த்தெடுத்த ஒவ்வொரு கட்டையும் குப்பையில் போடுவதற்கு முன் விரித்துப் பார்ப்பது நல்ல பழக்கம். துளைக்கு நேராகப் பஞ்சில் கருஞ்சாம்பல் வட்டம் படிந்திருக்கும். நாளுக்கு நாள் அது சிறுத்து வெளிறி, வாடையும் குறைந்துகொண்டே வந்தால் வைத்தியம் சரியான வழியில் போகிறது. குதிரையோ முதல் கட்டு மாற்றும்போதே குளம்பை முழுதாக ஊன்றியிருந்தது. கசிவு நின்ற பிறகு ஈரக் கட்டைத் தொடரக் கூடாது என்று மருத்துவர் திட்டவட்டமாகச் சொன்னார். அளவுக்கு மீறி ஊறிய குளம்பின் அடிப்பாகம் இளகி, சிறு கல் மிதித்தாலே கன்றிப்போகும். அதுவே அடுத்த சீழுக்கு வழி வகுக்கும். எனவே மூன்று நாட்களுக்குப் பிறகும் ஈரக் கட்டு தேவைப்படுகிறது என்றால், கட்டை மாற்றிக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு மருத்துவரைத் திரும்ப அழைப்பதே முறை. பின்னர் அதே விரிப்பை நனைக்காமல், உலர்ந்த காப்புக் கட்டாகச் சில நாட்கள் பயன்படுத்தினோம். அந்த வேலைக்கும் இது நன்றாக உதவியது.

நம் ஊரில் வழக்கமாகப் போடப்படும் தவிடும் எப்சம் உப்பும் கலந்த வெந்நீர்ப் பற்றோடு இதை ஒப்பிட்டாக வேண்டும். தவிட்டுப் பற்று மலிவானது, எங்கும் கிடைப்பது, குளம்பை இளக்கும் வேலையையும் செய்கிறது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் தவிடு விரைவில் புளித்துவிடுகிறது, வாசனைக்குக் குதிரையே குனிந்து கட்டைக் கடித்துப் பிய்க்கிறது, திறந்த புண்ணுக்குள் உமித்துகள் போய்விடுகிறது. சுரண்டித் திறந்த துளை இருக்கும்போது துகள் விடாத சுத்தமான பஞ்சு கட்டாயம் வேண்டும். அந்த ஒரு காரணத்துக்காகவே அனிமலின்டெக்ஸ் நாம் கொடுக்கும் விலைக்குத் தகும் என்பேன். கைவசம் இல்லாத இரவில், குழந்தைகளுக்குப் போடும் டயாபரை எப்சம் உப்புக் கரைத்த வெந்நீரில் நனைத்துக் குளம்பில் கட்டுவது தவிட்டைவிட மேலான மாற்று. குளம்பின் வடிவத்துக்கு அது வியக்கத்தக்க அளவில் பொருந்துகிறது.

எந்த நோய்களுக்கு இந்த வெந்நீர்க் கட்டை எடுக்கவே கூடாது என்பதைப் பொட்டலத்தை வாங்குவதற்கு முன்பே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். முதலாவது லேமினைட்டிஸ். குளம்பின் சுவரை உள்ளெலும்போடு பிணைத்திருக்கும் மெல்லடுக்குகள் அழற்சியால் தளர்ந்துபோகும் கொடிய நோய் இது. தானியப் பானையைக் கவிழ்த்து அளவுக்கு மீறித் தின்றுவிட்ட குதிரைக்கும், மிதமிஞ்சிக் கொழுத்த குதிரைக்கும், ஈன்ற பின் நஞ்சுக்கொடி முழுதாக விழாத குதிரைக்கும் இது வரும். சீழில் பெரும்பாலும் ஒரு குளம்பில் நாடி அடிக்கும். இதில் இரண்டு முன்குளம்புகளிலும் சேர்ந்து அடிக்கும். குதிரை முன்னங்கால்களை முன்னால் நீட்டி, எடையைப் பின்னங்கால்களுக்குத் தள்ளி, பின்னோக்கிச் சாய்ந்தாற்போல் நிற்கும். அதற்குத் தேவை சூடல்ல, பனிக்கட்டி. குளம்புகளை இடைவிடாமல் ஐஸ் நீரில் வைத்து, நடக்கவிடாமல், மெத்தென்ற படுக்கை போட்டு, அந்த மணி நேரத்திலேயே மருத்துவரை வரவழைக்க வேண்டும். காத்திருந்து மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாத நோய்களில் இது முன்வரிசையில் நிற்கிறது.

தசைநாண் அறுந்தோ கிழிந்தோ வீங்கினாலும் முதல் நாட்களில் குளிர்ச்சிதான் வேண்டும். குழாய்த் தண்ணீரைக் காலின்மேல் ஓடவிட்டு, ஓய்வு கொடுத்து, ஸ்கேன் எடுக்க வழி தேட வேண்டும். தசைநாண் காயம் ஆறிக் குதிரை வேலைக்குத் திரும்ப 9 முதல் 12 மாதங்கள்வரை ஆகலாம் என்பதால், வீக்கம் வற்றியதும் ரேக்ளாவிலோ சவாரியிலோ பூட்டுவது பெருங்கொடுமை. அனிமலின்டெக்ஸைக் குளிர்ந்த நீரில் நனைத்துக் கட்டும் முறையும் உண்டு. சிறு கன்றல்களுக்கு அது பயன்படும், ஆனால் தண்ணீர்க் குழாய் செய்யும் வேலையை அதைவிட நன்றாகச் செய்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. மூட்டுக்கு அருகிலோ தசைநாண் உறைக்கு அருகிலோ குத்துக் காயம் இருந்தால் இந்தக் கட்டையோ வேறு பற்றையோ போடாமல் மருத்துவருக்கே விட்டுவிட வேண்டும்.

குளம்பில் ஆணி ஏறியிருந்தால் பிடுங்கத்தான் எல்லோருக்கும் கை துடிக்கும். குளம்பின் அடியில் முக்கோண வடிவில் மெத்தென்றிருக்கும் பகுதியின் நடுவில் ஏறிய ஆணி, உள்ளேயிருக்கும் சிற்றெலும்பையும் அதன் நீர்ப்பையையும் தசைநாணையும் தொட்டிருக்கக்கூடும். ஆணி இருந்தபடியே எக்ஸ்ரே எடுத்தால்தான் எதுவரை போயிருக்கிறது என்று தெரியும். மேலும் உள்ளே ஏறாதபடி இரு பக்கமும் மரத்துண்டு வைத்துக் கட்டி, குதிரையை நகர்த்தாமல் மருத்துவரை அழைக்க வேண்டும். எடுத்தே ஆக வேண்டிய நிலை என்றால், ஏறிய இடத்தையும் கோணத்தையும் கைப்பேசியில் படமெடுத்து, எவ்வளவு ஆழம் என்பதைக் குறித்து வைத்த பிறகே எடுக்க வேண்டும். குளம்பில் ஏற்படும் எந்தத் துளையும் டெட்டனஸுக்கு வாசல். கால்நடைகளில் குதிரையைப் போல அந்நோய்க்கு எளிதில் ஆட்படும் விலங்கு வேறில்லை. தடுப்பூசி போட்ட தேதி லாயத்துச் சுவரில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

வலி தாங்காமல் துடிக்கும் குதிரைக்கு ஃபினைல்பியூட்டசோன் என்ற வலி மருந்தைக் கொடுத்துவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். மருத்துவர் பார்ப்பதற்கு முன்பு கொடுத்தால் நொண்டல் மறைந்து, அவருக்குத் தெரிய வேண்டியது தெரியாமல் போகும். அளவு மீறினால் வயிறும் சிறுநீரகமும் கெடும். மருத்துவரிடம் தொலைபேசியில் பேசும்போது எந்தக் கால், எப்போதிருந்து, ஊன்றுகிறதா, நாடி எப்படி, வீக்கம் எங்கே, உடல் வெப்பம் என்ன என்ற ஆறு விவரங்களைச் சொன்னால் அவர் அவசரத்தை அங்கிருந்தே கணித்துவிடுவார். நலமான குதிரையின் வெப்பம் ஏறத்தாழ 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ்வரை இருக்கும். ஒரு பின்னங்கால் முழுவதும் தூண் போல வீங்கிச் சூடாகி, வெப்பம் இதைத் தாண்டினால் அது தோலடித் தொற்று. அதற்குக் கட்டு போதாது, ஊசி மருந்து வேண்டும். குதிரை மருத்துவர் அருகில் இல்லாத ஊர்களில் 1962 என்ற கால்நடை அவசர எண்ணை அழைக்கலாம்.

இந்தக் கட்டு நம் ஊர்க் கால்நடை மருந்துக் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பதில்லை. குதிரைச் சாமான்கள் விற்கும் கடைகளின் வழியாக வரவழைக்க வேண்டும். தேவைப்படும் நாளில் தேடினால் கைக்கு வராது என்பதால் மழைக்கு முன்பே ஒரு பொட்டலம் வாங்கி வைப்பது நல்லது. ஒரு குதிரை மட்டும் வைத்திருப்பவர்கள் விரிப்பையே வாங்கட்டும். ஒரே விரிப்பில் பல துண்டுகள் வெட்டலாம், குளம்புக்கு மட்டுமின்றி அழுக்கேறிய மேற்புண்ணுக்கும் உதவும். குளம்பு வடிவத்தில் வெட்டப்பட்டது வசதிதான், ஆனால் எங்கள் மட்டக்குதிரையின் சிறிய குளம்புக்கு அது பெரிதாக இருந்ததால் ஓரத்தை வெட்டி வீணாக்க வேண்டியிருந்தது. மிச்சமுள்ள விரிப்பைக் காற்றுப் புகாத உறையில் மூடி, ஈரம் படாத அலமாரியில் வைக்க வேண்டும். லாயத்தின் திறந்த மாடத்தில் வைத்தால் மழைக்காற்றின் ஈரத்திலேயே பிசின் இளகத் தொடங்கிவிடுகிறது. டேப், பஞ்சு, மீள்துணி, குளம்பு தோண்டும் கொக்கி, வெப்பமானி, கைவிளக்கு ஆகியவற்றையும் அதே பெட்டியில் போட்டு வைத்தால், நள்ளிரவில் எதையும் தேட வேண்டியிருக்காது.